400 படம் எடுத்தாச்சு, கதையைத்தான் காணோம்

தாராவிவாசி:
தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம், இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் அண்ணாச்சி ஒருவரை மூன்று வாரமாகப் படம் எடுக்கிறேன். திருநெல்வேலிக்காரர், எங்கள் சந்துதான். விடிகாலை 3 மணி ஆவி, மஞ்சள் பல்பு வெளிச்சம் எல்லாம் அழகாகத்தான் விழுந்திருக்கிறது. 400 படத்தில் 12 எடுத்து அக்காவிடம் காட்டினால், "எல்லாத்துலயும் புகைதான் இருக்கு, அவரு எங்கடா?" என்கிறாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரி. 50 எம்எம் லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் அகலமாக எடுக்கிற வைடு லென்ஸ் வாங்கணுமா?

பழைய ரோல்:
லென்ஸுக்குக் காசைக் கரைக்காதீங்க தம்பி. நீங்கள் எடுத்தது அவருடைய ஒரு மணி நேரத்தை மட்டும். மத்தியானம் மாவு அரைப்பது, எந்தத் தெருமுனையில் நிற்கிறார், காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்து சில்லறை எண்ணுவது, இதெல்லாம் எங்கே? அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1948-ல் லைஃப் பத்திரிகைக்காக கொலராடோவில் ஒரு கிராமத்து டாக்டர் கூடவே 23 நாள் சுற்றினார். ஊசி போடுவது, கட்டுப் போடுவது எல்லாம் எடுத்திருக்கிறார், ஆனால் இன்றைக்கும் எல்லோரும் பேசுவது, அந்த மனிதர் களைத்துப்போய்க் கையில் காபியோடு சமையல்கட்டில் சாய்ந்து நிற்கிற படத்தைத்தான்.

மாட்டுங்காக்காரி:
12 அதிகம், 7 போதும். 4x6 சைஸில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள், போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் பிடிபடாது. இரண்டு படம் ஒரே விஷயத்தைச் சொன்னால் ஒன்றை எடுத்துவிட வேண்டியதுதான். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டும் அக்காவை எடுத்தபோது, பின்வெளிச்சத்தில் மாலை தகதகவென்று மின்னும் படம்தான் எனக்கு உயிர், கடைசியில் அதுவே போச்சு. ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்ததில் கை அசைந்து கலங்கிப்போன படம், அக்கா நாரைப் பல்லால் கடித்து அறுப்பது, அது நின்றுவிட்டது. அப்புறம் ஒன்று, அண்ணாச்சிக்கு இதையெல்லாம் காட்டினீர்களா?

தாராவிவாசி:
காட்டவே இல்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று சாயங்காலம் 30 பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஆவி படத்தையெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிக்கொண்டே வந்தவர், நான் ஏதோ தவறிப்போய் எடுத்த ஒன்றில் நின்றுவிட்டார். சைக்கிள் ஹேண்டில், அதில் அந்த ரப்பர் ஹாரன், ஹாரனைச் சுற்றி ஒரு பழைய துண்டு. "சந்துல செவுத்துல இடிச்சா பாம்னு கத்திரும் தம்பி, புள்ளைங்க தூங்கும்லா, மெயின் ரோடு போயித்தான் அவுப்பேன்" என்றார். மூன்று வாரமாக அந்தத் துண்டு என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

நாளைக் காலை அவர் அதை அவிழ்க்கும் இடத்தில் போய் நிற்கப் போகிறேன். அங்கே ஒரே ஒரு விளக்குக் கம்பம்தான், 1/30 தாங்குமா?

பழைய ரோல்:
தாங்கும். கம்பத்தில் சாய்ந்துகொள்ளுங்கள், கேமராவின் ஒளி உணர்திறனை ஏற்றி ஐஎஸ்ஓ 3200 வையுங்கள், படத்தில் புள்ளி புள்ளியாகக் கிரெய்ன் வந்தால் வரட்டும்.