புதுப்பிப்பு: சின்னாறு சரணாலயத்தில் ட்ரோன் விடலாமா? பதில் கிடைத்துவிட்டது

மறையூர்–உடுமலை சாலையில், கேரளாவின் சின்னாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள் 249 கிராம் ட்ரோனைப் பறக்கவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

அனுமதி இல்லாமல் முடியாது. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரையுள்ள நானோ ரகத்துக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்று பலர் சொன்னது சரிதான். ஆனால் அதுவும், டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் வரைபடத்தில் பறக்கலாம் என்று காட்டும் பச்சை நிறமும் வான்வெளிக்கான பதில் மட்டுமே. காட்டுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க 28ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தரவேண்டும். "வரைபடத்தை விடுங்க, வனத்துறையில நேர்ல கேளுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. செக்போஸ்ட்டில் இருந்த அண்ணன் மலையாள வாடைத் தமிழில் முடித்துவிட்டார்: "பையிலேயே இருக்கட்டும் தம்பி."

கடைசியில் சரணாலய எல்லைக்கு வெளியே, மறையூரில் மாமாவின் கரும்புக்காட்டில் பறக்கவிட்டேன். வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகை வீடியோவில் நன்றாகவே விழுந்திருக்கிறது. எதிர்பாராத ஆள் ஒரு பருந்து. நேராக ட்ரோனைக் குறிவைத்து, கால்களை நீட்டிக்கொண்டு வந்தது. அப்படி வந்தால் வீடியோவை மறந்து இறக்கிவிடுங்கள். வரைபட நிறங்கள் மாறக்கூடியவை, பறக்கவிடும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.