முதல் இரவு டைவ்: டார்ச்சுக்குள் நீர்த்துளி, கொண்டுபோகலாமா?

நண்டுப்பிடி: பாலித் தீவில் துலாம்பென் வந்திருக்கிறேன். இதுவரை 14 ஸ்கூபா டைவ், எல்லாம் பகலில். நாளை இருட்டியதும் இங்கே கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலில் முதல் இரவு டைவ். இன்று பகலில் அங்கேயே என் டார்ச்சைச் சோதித்தேன். மேலே வந்து பார்த்தால் கண்ணாடிக்குள் இரண்டு நீர்த்துளி. ஆனால் எரிகிறது. துடைத்துவிட்டுக் கொண்டுபோகலாமா? அப்புறம், இருட்டில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

உப்புக்காற்று: வேண்டாம். மூடியைக் கழற்றி ஓ-ரிங்கை (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள், முடியோ மணலோ ஒட்டியிருக்கும். கழற்றும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரி உள்ளே வாயுவை அடைத்து வைத்திருக்கலாம்.

நண்டுப்பிடி: முடியேதான்! பேட்டரி முனையும் கறுத்திருக்கிறது.

உப்புக்காற்று: அந்த பேட்டரியை இனித் தொடாதீர்கள். வாடகைக்கு இரண்டு டார்ச் எடுங்கள். ஒன்று கையில், ஒன்று பி.சி.டி (காற்றடைத்து மிதக்க உதவும் சட்டை) பையில். இரண்டையும் வாளித் தண்ணீரில் எரியவிட்டுப் பாருங்கள். முதுகிலுள்ள காற்று டேங்கில் கட்ட ஒரு சின்ன விளக்கும் கேளுங்கள்.

கரையோரம்: மேல் கீழ் கவலைக்கு துலாம்பென் நல்ல இடம். படகிலிருந்து குதிக்க வேண்டாம், கரையிலிருந்தே சரிவோடு இறங்கலாம். 1942-இல் டார்பிடோ பட்டுக் கரையில் ஏற்றி விடப்பட்ட கப்பலை, 1963-இல் ஆகுங் எரிமலை கடலுக்குள் தள்ளியது. அதனால்தான் இவ்வளவு பக்கத்தில் கிடக்கிறது. டார்ச் ஒளியைக் கடல்தரையில் அடித்தபடியே போங்கள். குழம்பினால் நின்று உங்கள் மூச்சுக்குமிழைப் பாருங்கள், அது போகும் பக்கம்தான் மேல். ஒளியால் பெரிய வட்டம் போட்டால் 'சரி', பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் 'ஆபத்து'. யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். கூட டைவ் செய்யும் ஜோடி காணாமல் போனால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, நிதானமாக மேலே வாருங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது கரையிலுள்ள உருண்டைக் கற்களுக்கு! கெட்டி அடியுள்ள பூட்ஸ் போடுங்கள், ஃபின்னை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) இடுப்பளவு நீரில் மாட்டுங்கள்.

நண்டுப்பிடி: போய் வந்துவிட்டேன். 11 மீட்டர், 42 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் காற்றைக் குடித்துத் தள்ளினேன், அப்புறம் அடங்கியது. கப்பலுக்குள் பெரிய கிளிமீன் ஒன்று அசையாமல் தூங்கியது. வழிகாட்டி டார்ச்சை நெஞ்சோடு அழுத்தி மறைக்கச் சொன்னார். இருட்டில் கையை ஆட்டினால், கடலிலுள்ள ஒளிரும் நுண்ணுயிர்களால் நீலப் பொறி பறந்தது. கற்களில்தான் வழுக்கினேன், முழங்காலில் சிராய்ப்பு. டேங்கைத் தலையில் சுமந்து அதே கல்லில் நடக்கும் உள்ளூர் அக்கா சிரித்துவிட்டுப் போனார்.