நேர அட்டவணையில் ஏறாத வேலை

மொரீசியசில் தமிழாசிரியரின் வகுப்பில் பத்துப் பிள்ளைகள்கூட இருப்பதில்லையே, அதற்கு முழுச் சம்பளமா என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பிப்பவள் என்பதால், என் அனுபவத்தை எழுதுகிறேன்.

பிள்ளைகள் குறைவுதான், மறுக்கவில்லை. தமிழ் இங்கே விருப்பப் பாடம். 2012இல் இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியும் விருப்பப் பாடமாக வந்தபின் என் பள்ளியில் எண்ணிக்கை மேலும் இறங்கியது. ஆனால் சிறிய பள்ளி என்பதால், உயிரெழுத்தை இப்போதுதான் தொட்டிருக்கும் பிள்ளையும், ஆறாம் வகுப்பின் முடிவில் பி.எஸ்.ஏ.சி. என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளையும் ஒரே பாடவேளையில் என் முன்னால் உட்காருகிறார்கள். ஒருவருக்கு 'ழ'கரத்தின் சுழியைக் கைபிடித்துக் காட்டும்போதே மற்றவரின் கட்டுரையைத் திருத்த வேண்டும். இரண்டு வகுப்புக்கும் பாடக் குறிப்பு தனித்தனியே எழுதியாக வேண்டும். வகுப்பாசிரியருக்குச் சொந்த அறை உண்டு. பிள்ளைகள் "மிஸ் தாமுல்" என்று அழைக்கும் எனக்கோ தோள்பைதான் அறை. சென்ற ஆண்டு தாழ்வாரத்தில் பாடம் நடத்தினேன். சாரல் அடித்தால் முதலில் நனைவது திருத்தி வைத்த நோட்டுகள்தாம்.

வருஷப்பிறப்பு விழா வந்தால் நடனம், பாட்டு, மேடையில் சேலைக்கு ஊக்கு குத்துவது எல்லாம் தமிழாசிரியரின் பொறுப்பாகிவிடும். அந்த மாலைப் பொழுதுகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

சம்பளத்தைப் பற்றி நேர்மையாகவே சொல்கிறேன். அரசு ஊழியர் சம்பளத்தைப் பரிந்துரைக்கும் பி.ஆர்.பி. அமைப்பின் அறிக்கைப்படி மாதந்தோறும் தவறாமல் வருகிறது, டிசம்பரில் 13ஆம் மாதச் சம்பளமும் உண்டு. வேறுபாடு பள்ளி விட்டபின்தான் தெரியும். கணக்குக்கும் பிரெஞ்சுக்கும் லெசோன், அதாவது தனிவகுப்பு, வைக்கும் சக ஆசிரியர்கள் அதில் வீடு கட்டியிருக்கிறார்கள். தமிழுக்கு லெசோன் கேட்டு என்னிடம் இதுவரை வந்தவர் ஒரே ஒரு தாய், அவரும் இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டார்.

இதற்கு வாசகர் ஒருவரின் மறுமொழி: அக்கா, உங்களுக்கு மாதச் சம்பளமாவது இருக்கிறது. நான் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் பகுதிநேர விரிவுரையாளன். வாரம் 3 மணி, 15 வாரம், ஆக 45 மணி நேரத்துக்கே பணம். பாடம் தயாரிப்பதும், வினாத்தாளும் மாதிரி விடையும் எழுதுவதும், நடைகூடத்தில் நிறுத்திச் சந்தேகம் கேட்கும் மாணவருக்குப் பேருந்தைத் தவறவிட்டு விளக்குவதும் அந்த 45க்குள் அடக்கமாம். சென்ற முறை 62 விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்து, வருகைப் பதிவேட்டுடன் ஊதியப் படிவத்தையும் சேர்ப்பித்தேன். ஒரு கையெழுத்து விடுபட்டதென்று அது திரும்பி வந்தது. டிசம்பரில் முடித்த பாடத்துக்கு ஏப்ரலில்தான் பணம் கிடைத்தது. இடையில் ஜனவரியிலேயே, அடுத்த பருவத்துக்கு வருகிறீர்களா என்று தொலைபேசியில் கேட்டார்கள். வருகிறேன் என்றேன்.