பம்ப் நின்றால் எங்கள் வாய்க்கால் என்ன ஆகும்?

சேத்தியாத்தோப்பு விவசாயி:
நெய்வேலி சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கு வருகிறது. எங்கள் நடவு அதை நம்பித்தான். ஒருநாள் சுரங்கத்தை மூடிவிட்டால்?

நிலவியல் படித்தவர்:
வாய்க்காலில் வரத்து நிற்கும் அண்ணே. நிலத்தடி மட்டம் மெல்ல ஏறும். பிரிட்டனில் ஆழ்சுரங்கங்களை மூடி பம்பை நிறுத்தியதும் பழைய சுரங்கப் பாதைகள் நிரம்பின. காற்றுபட்ட பைரைட்டிலிருந்து (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இரும்பும் சல்பேட்டும் கரைந்து வந்தன; அந்த இரும்பு ஓடைகளில் காவியாகப் படிந்தது. அதனால் அங்கே பல இடங்களில் இன்றும் இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். நிரப்பாமல் விட்ட குழி ஏரியாகிவிடும்.

விவசாயி:
அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகுமா தம்பி?

நிலவியல் படித்தவர்:
சோதித்தால்தான் தெரியும். இப்போதே போர் தண்ணீரை பாட்டிலில் விளிம்புவரை பிடித்து, இரும்பு, சல்பேட், அமிலத்தன்மை பார்த்து, தேதியோடு எழுதிவையுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

விவசாயி:
சரி, பக்கத்துக் கொல்லைக்காரர்களிடமும் சொல்கிறேன்.