மண் கோதாவிலிருந்து மெத்தைக்கு: யாஷார் தோவு பற்றி ஒரு கேள்வி

கேள்வி – குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினாறு வயது. எங்கள் ஊர் மண் கோதாவில் ஆறு ஆண்டுகளாகக் குஸ்தி பழகி வருகிறான். சென்ற மாதம் முதன்முறையாக மெத்தையில் ஒரு போட்டிக்கு நின்றான். மண்ணில் விரல்களை ஊன்றிப் பழகிய கால் காலணிக்குள் அடைபட்டுப் போனதால், எதிராளி உள்ளே பாய்ந்ததும் ஓரடி பின்வாங்கக்கூட முடியாமல் இரண்டே நிமிடத்தில் சாய்ந்துவிட்டான். மண்ணில் பழகியது அத்தனையும் வீண்தானே என்று அன்றிலிருந்து கேட்கிறான்.

துருக்கியின் யாஷார் தோவும் கிராமத்துக் குஸ்தியிலிருந்து வந்துதான் ஒலிம்பிக் தங்கம் வென்றார் என்று அவனுடைய வஸ்தாது (குஸ்தி ஆசான்) கூறினார். அவர் எண்ணெய் பூசிக்கொண்டு மோதும் மரபைச் சேர்ந்தவரா? 1948இல் வென்றவர் 1952இல் ஏன் இறங்கவில்லை? அறிந்தவர்கள் விளக்கினால் மகனிடம் சொல்வேன்.

மறுமொழி 1 – வேலூர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

ஐயா, வஸ்தாது சொன்னது சரி. கருங்கடல் கரையையொட்டிய சாம்சுன் மாகாணத்தின் ஒரு கிராமத்தில் 1913இல் பிறந்த தோவு, இளமையில் பழகியது புல்தரையில் எண்ணெயின்றி மோதும் 'கரகுஜாக்' குஸ்தி. இராணுவப் பணிக்காக அங்காராவுக்கு வந்த பிறகே, அதாவது இருபது வயதைக் கடந்த பிறகே, மெத்தையில் முறையாகப் பயின்றார். உங்கள் மகனுக்கு இப்போதுதான் பதினாறு.

1939இல் ஆஸ்லோ ஐரோப்பியப் போட்டியில், காலைத் தொடவே கூடாத கிரேக்க-ரோமன் பாணியில் அவருக்குக் கிடைத்தது வெள்ளி. அடுத்து வந்த போர், ஒரு மல்லருடைய சிறந்த ஆண்டுகளை விழுங்கிவிட்டது. 1946இல் ஸ்டாக்ஹோமில், காலையும் பிடிக்கலாம் என்ற ஃப்ரீஸ்டைல் பாணியில் தங்கமும், மறு ஆண்டு பிராகாவில் கிரேக்க-ரோமன் பாணியில் தங்கமும் வென்றார். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் 73 கிலோ ஃப்ரீஸ்டைல் தங்கம் அவருடையது. நம் கே. டி. ஜாதவ் முதன்முறையாக ஒலிம்பிக் மெத்தையில் நின்று ஆறாம் இடம் பெற்றதும் அதே லண்டனில்தான். அவரும் மண்ணில் வளர்ந்தவர்.

என்னை மிகவும் வியக்க வைப்பது தோவுவின் எடைப் பிரிவுகள். 1939இல் 66 கிலோவில் நின்றவர், 1949இல் 79 கிலோவில் ஐரோப்பியத் தங்கமும், 1951இல் ஹெல்சிங்கியில் 87 கிலோவில் உலகப் பட்டமும் பெற்றார்.

1952 பற்றிக் கேட்டீர்கள். லண்டன் வெற்றிக்காகத் துருக்கி அரசு அவருக்கு ஒரு வீடு கொடுத்தது. பரிசு பெற்றவர் தொழில்முறை வீரர் என்ற அக்கால விதியின்படி ஒலிம்பிக் கதவு அடைக்கப்பட்டது. நம் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் காமன்வெல்த் தங்கம் வென்றபோது தமிழக அரசு பரிசளித்தது. பரிசு வாங்கிய பிறகும் 2018இல் அவர் மேடையேறி மீண்டும் தங்கம் வென்றார். 1952 ஒலிம்பிக் நடந்த அதே ஹெல்சிங்கியில் முந்தைய ஆண்டுதான் உலகப் பட்டம் வென்ற தோவுவை, குடியிருக்க ஒரு வீடு பெற்றதற்காக விலக்கியது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2 – வாணியம்பாடி, தோல் தொழில்

எண்ணெய்க் குஸ்தி பற்றி நான் சொல்கிறேன். அது துருக்கியின் எடிர்னே நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கிர்க்பினார் விழாவில் புகழ்பெற்றது. 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆலிவ் எண்ணெயில் நனைந்த உடம்பில் பிடி நிற்காது என்பதால், 'கிஸ்பெத்' எனும் தோல் கால்சட்டையின் இடுப்புக்குள்ளும் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய விளிம்பிலும் கைவிட்டுத்தான் எதிராளியைப் புரட்டுகிறார்கள். முன்பு எருமைத் தோலில் தைத்தார்கள். இப்போது கன்றுத் தோல். எருமைத் தோலின் கனம் தொட்டுப் பழகிய எங்களுக்குத் தெரியும். எண்ணெய் குடித்தால் இன்னும் கனக்கும். அங்கே மல்லரை 'பெஹ்லிவான்' என்கிறார்கள். நம் 'பயில்வான்' என்பதும் அதே பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 1939இல் வெள்ளி என்பதைப் படித்ததும் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஓய்வுக்குப் பின் தோவு என்ன செய்தார் ஐயா?

மறுமொழி 3 – வேலூர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

பயிற்சியாளரானார். 1955இல் அணியுடன் சுவீடன் சென்றிருந்தபோது மாரடைப்பு வந்தது. 1961 ஜனவரி 8 அன்று, ஐம்பது வயதைக்கூட எட்டாமல், அங்காராவில் காலமானார். அவர் பெயரில் இன்றும் பன்னாட்டுப் போட்டி நடக்கிறது. 2019இல் அதில் நம் வினேஷ் போகாட் தங்கம் வென்றார்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: மண்ணில் போலக் காலை இழுத்து நகர்த்தினால் காலணியின் அடி மெத்தையில் ஒட்டிக்கொள்ளும். சற்றே தூக்கி, சிறு சிறு அடிகளாக வைக்க வேண்டும். ஒரு மாதம் தினமும் காலணியோடு எதிராளியின்றி நகர்ந்து பழகட்டும். பிடிகளை மாற்ற வேண்டியதில்லை.