சனி ரொறொன்ரோ, ஞாயிறு வன்கூவர்: ரெண்டு மட்ச்சும் பார்க்க ஏலுமா?

உப்புவெளி_கோலி

வணக்கம். நானும் தம்பியும் திருகோணமலையில இருந்து 2026 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்குப் போக யோசிக்கிறம். பெரியம்மா வீடு ஸ்காபரோவில. பெரியம்மாட மகன் தன்ட கணக்கில டிக்கெற் எடுத்து வச்சிருக்கார். ஜூன் 20 சனி பின்னேரம் 4 மணிக்கு ரொறொன்ரோவில ஜேர்மனி – ஐவரி கோஸ்ட். அடுத்த நாள் ஞாயிறு பின்னேரம் 6 மணிக்கு வன்கூவரில நியூசிலாந்து – எகிப்து. வீசா இன்னும் போடல்ல. அமெரிக்க வீசா இல்ல, எடுக்கிற எண்ணமும் இல்ல.

ஒரு ராத்திரிக்குள்ள அங்க போய்ச் சேர ஏலுமா? ரயிலோ பஸ்ஸோ இருந்தா செலவு குறையுமே எண்டு பார்க்கிறம். வீசாவுக்கு டிக்கெற்றக் காட்டினாப் போதுமா? ரொறொன்ரோ மைதானத்துக்கு ஸ்காபரோவில இருந்து எப்படிப் போறது?

கந்தளாய்_ரூட்

ரயில், பஸ் ரெண்டையும் மறந்திடுங்க. ரொறொன்ரோவுக்கும் வன்கூவருக்கும் இடையில ஆகாயவழியே 3,300 கிலோமீற்றருக்கு மேல. வியா ரயில் ஒண்டு ஓடுது, 'தி கனேடியன்' எண்டு பேர். 4,466 கிலோமீற்றர், வழியில நாலு ராத்திரி, கிழமைக்கு ரெண்டு தரம்தான். சரக்கு ரயிலுக்கு வழி விட்டு விட்டுப் போறதால நேரத்துக்குச் சேருமெண்ட உத்தரவாதமும் இல்ல. அது மலை பார்க்கப் போற ஆக்களுக்கு. நாடு முழுக்க ஓடின கிறேஹவுண்ட் பஸ்ஸும் 2021இல கனடாவ விட்டுப் போயிட்டுது.

கார் எண்டாலும் 4,000 கிலோமீற்றருக்கு மேல. அதோட ஃபோன் வரைபடம் பல நேரம் அமெரிக்காவுக்குள்ளால சுத்திப் போற வழியத்தான் முதல்ல காட்டும். உங்களிட்ட அந்த வீசா இல்ல.

விமானத்தில ஏலும். மேற்க போகேக்க சுமார் 5 மணித்தியாலம். வன்கூவர் கடிகாரம் ரொறொன்ரோவுக்கு 3 மணித்தியாலம் பின்னுக்கு நிக்கிறதால அந்த மூண்டும் உங்களுக்கு லாபம். சனி ஆட்டம் குழு நிலை ஆட்டம், மேலதிக நேரம் இல்ல. இந்த முறை ஒவ்வொரு பாதியிலயும் தண்ணி குடிக்க 3 நிமிச இடைவேளை உண்டு, அதையும் சேர்த்தாலும் 6 மணி கடந்த கையோட முடிஞ்சிடும். இரவு 10 மணியளவில ஏறினா நடுச்சாமத்துக்கு வன்கூவர். படுத்தெழும்பி ஆறுதலா மட்ச்சுக்குப் போகலாம்.

நிலாவெளி_வாசகன்

பறப்பைப் பற்றிப் பேசுமுன் வீசா. வரிசை மாறினால் காசுதான் வீண்.

போட்டி டிக்கெற் இருப்பதால் கனடா வீசா தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, உலகக் கிண்ணத்துக்கென்று தனி வீசாவும் இல்லை. நீங்கள் போடுவது சாதாரண வருகையாளர் வீசா. ஒருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 100 கனடிய டொலர், கைவிரல் அடையாளத்துக்கு 85. தம்பிக்கும் தனியாக 185.

விண்ணப்பம் இணையத்தில். ஐ.எம்.எம். 5257 விண்ணப்பப் படிவம், ஐ.எம்.எம். 5645 குடும்ப விபரப் படிவம் இரண்டும் முக்கியம். 5645இல் பெற்றோர், சகோதரர் எல்லோரையும் எழுத வேண்டும். வெளிநாட்டிலிருப்பவரை விட்டுவிட்டு எழுதுவது பலர் செய்யும் பிழை. பெரியம்மாவின் அழைப்புக் கடிதத்தில் ஒரு பெயரும் உங்கள் படிவத்தில் வேறு கதையும் இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும்.

அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் முழுப் பெயர், பிறந்த திகதி, முகவரி, உறவு முறை, வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம், செலவை யார் ஏற்பது. அழைப்பவரின் தொழில், வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை, அவர் குடியுரிமையாளரா நிரந்தர வதிவாளரா என்பதும் வர வேண்டும். அதற்குச் சான்றின் பிரதியையும் வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தலையும் இணைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்தில் அதிகாரி தேடுவது ஒன்றைத்தான்: திரும்பி வருவீர்களா? வேலைக் கடிதத்தில் லீவு எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று இருக்க வேண்டும். சொந்த வியாபாரம் என்றால் வியாபாரப் பதிவுச் சான்றிதழும் வரிப் பதிவும். வங்கியில் ஆறு மாத வரவு செலவு தெரிய வேண்டும். விண்ணப்பிக்கும் கிழமையில் திடீரென ஒரு பெரிய தொகை வந்து விழுந்தால் அது உதவியல்ல, உபத்திரவம். காணி விற்ற காசு என்றால் உறுதியின் பிரதியோடு விளக்கம் எழுதுங்கள். கிராம சேவகர் சான்றிதழ், உறுதி, பிறப்புச் சான்றிதழ் எதுவும் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மூலத்தின் பிரதியும் கூடவே போக வேண்டும்.

கட்டணம் கட்டியதும் கைவிரல் அடையாளத்துக்கான கடிதம் வரும். 30 நாள் அவகாசம். கொழும்பு வீசா நிலையத்தில் நேரம் பதிந்து, அந்தக் கடிதமும் மூலக் கடவுச்சீட்டும் கொண்டு போங்கள். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப் புறக்கோட்டை. பதிவைக் காலை 9 மணிக்கு வைக்காமல் கொஞ்சம் பிந்தி வையுங்கள். வீசா சம்மதமானால் ஸ்ரிக்கர் ஒட்டக் கடவுச்சீட்டை மறுபடி ஒப்படைக்க வேண்டும், அது இரண்டாவது பயணம். திரும்பக் கூரியரில் எடுத்தால் மூன்றாவது பயணம் மிஞ்சும்.

வீசா மறுக்கப்பட்டது என்று பீஃபா காசு திருப்பித் தராது. பெரியம்மாவின் மகன், அந்த அண்ணன்தான் டிக்கெற்றுகளைப் பீஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில்தான் போட வேண்டும். அங்கே விற்பவரிடமும் 15 சதவீதம், வாங்குபவரிடமும் 15 சதவீதம் எடுக்கிறார்கள். ஆகவே பதில் வரும்வரை விமான டிக்கெற்றை ரத்துச் செய்யக்கூடிய வகையில் மட்டும் எடுங்கள்.

எக்லின்ரன்_சந்தி

கந்தளாய்த் தம்பி சொன்ன சனி இரவுப் பறப்பு வேண்டாம். கணக்குச் சரி, ஆனால் பயணப் பையை என்ன செய்யிறது? மைதானத்துக்குள்ளை பயணப் பை விடமாட்டினம். வெளியிலை போய் எடுத்திட்டு வாறம் எண்டால் ஒருக்கால் வெளிக்கிட்டால் திரும்ப உள்ளை விடவும் மாட்டினம். 6 மணி தாண்டி 45,000 பேர் ஒண்டாய் வெளியிலை வருவினம். மைதானத்தடி எக்சிபிஷன் ஸ்டேசனிலை நிண்டு, யூனியன் ஸ்டேசனுக்கு வந்து, அங்கையிருந்து யூ.பி. எக்ஸ்பிரஸ் ரயிலிலை 25 நிமிசம் பியர்சன் விமான நிலையம். இதிலை ஒரு இடத்திலை அரை மணித்தியாலம் பிசகினால் போச்சு.

ஞாயிறு காலமை ஏறுங்கோ. 8 மணிக்கு ஏறினால் வன்கூவர் நேரம் 10 மணியளவிலை இறங்கலாம், மட்ச்சுக்கு எட்டு மணித்தியாலம் கையிலை. ஒரு நாளைக்குக் கனக்கப் பறப்பு விடுற நிறுவனத்திலை எடுங்கோ. காரணம் இருக்கு. கனடாச் சட்டப்படி, பெரிய நிறுவனம் தன்ரை பிழையாலை பறப்பை ரத்துச் செய்தால் 9 மணித்தியாலத்துக்குள்ளை புறப்படுற வேறை பறப்பிலை இடம் தரவேணும். கேக்க நல்லாய் இருக்கும். ஆனால் 8 மணிப் பறப்பு பின்னேரம் 5 மணிக்கு மாறினால் நீங்கள் வன்கூவரிலை இறங்க அங்கத்தை நேரம் 7 மணி, ஆட்டம் தொடங்கி ஒரு மணித்தியாலம். சட்டம் காசைக் காப்பாத்தும், மட்ச்சைக் காப்பாத்தாது. அடுத்த பறப்பு 10 மணிக்கு இருக்கிறதுதான் உங்களைக் காப்பாத்தும்.

ஞாயிறு விடியப் பெரியம்மா வீட்டுக் காரிலை போறதுதான் சுகம். 401 நெடுஞ்சாலையிலை அந்த நேரம் நெரிசல் இராது. எயார் கனடா எண்டால் முதலாம் ரேர்மினல், வெஸ்ற்ஜெற், போர்ட்டர் எண்டால் மூண்டாம் ரேர்மினல். மாறி இறங்கினால் இடையிலை இலவசச் சிறு ரயில் ஓடுது.

சனிக்கிழமை மைதானத்துக்கு: டிக்கெற்றிலை 'ரொறொன்ரோ ஸ்ரேடியம்' எண்டு இருக்கும், அது பி.எம்.ஓ. ஃபீல்ட்தான். அனுசரணையாளர் பேரைப் பீஃபா மறைக்கிறது வழக்கம். காரை வீட்டிலை விடுங்கோ, பார்வையாளருக்குத் தரிப்பிடம் இல்லை. ஸ்காபரோ ஆக்கள் சிலர் இன்னும் ஆர்.ரி. எடு எண்டு வழி சொல்லுவினம். அந்த ரயில் 2023 ஜூலையிலை தடம் புரண்டதோடை மூடியாச்சு, இப்ப கென்னடி ஸ்டேசனுக்குப் பஸ்தான். அதை விட்டிட்டு கோ எண்ட புறநகர் ரயிலைப் பிடியுங்கோ. எக்லின்ரன், ஸ்காபரோ, கில்ட்வூட் மூண்டும் லேக்‌ஷோர் கிழக்குப் பாதையிலை இருக்கு. யூனியனுக்கு அடுத்த தரிப்பே எக்சிபிஷன், இறங்கினால் மைதானம் நடை தூரம். கன ரயில் யூனியனிலை நிண்டு அப்படியே மேற்குப் பாதையிலை தொடரும், இறங்கி மாறவே தேவையில்லை. பெட்டியிலை இருந்துகொண்டு அறிவிப்பைக் கேளுங்கோ.

சனி, ஞாயிறிலை கோ ரயிலுக்கு 10 டொலர் நாள் சீட்டு இருக்கு, எத்தினை தரமும் ஏறலாம். இணையத்திலை வாங்கி, ஏறுறதுக்கு முதல் ஃபோனிலை இயக்க வேணும். யூ.பி. எக்ஸ்பிரஸுக்கு அது செல்லாது. நாள் சீட்டு இல்லாமல் வங்கிக் காட்டைத் தட்டிப் போறது எண்டால் ஏறேக்கையும் தட்டவேணும், இறங்கேக்கையும் அதே காட்டைத் தட்டவேணும். இறங்கேக்கை மறந்தால் அந்தப் பாதையின்ரை கடைசித் தரிப்பு வரைக்குமான காசை எடுத்துப் போடும்.

உப்புவெளி_கோலி

நன்றி அண்ணைமார். ஞாயிறு காலமையே எடுக்கிறம். இன்னொண்டு. தேடேக்க சியாற்றில் ஊடாப் போற பறப்பு நல்ல மலிவாக் காட்டுது. அபொட்ஸ்ஃபோர்ட் எண்டு ஒரு இடத்துக்கு இன்னும் மலிவு. ஊரில இருந்து போறதுக்கும் நியூயோர்க் ஊடா ஒண்டு கிடக்கு. ரயில் நிலையத்தில மாறி ஏறுற மாதிரித்தானே?

கந்தளாய்_ரூட்

இல்ல. அமெரிக்காவில 'மாறி மட்டும் போறன்' எண்ட ஒரு வகை கிடையாது. அடுத்த விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் இருந்தாலும் குடிவரவுக்குள்ளால போய்த்தான் ஆகணும், அதுக்கு வீசா வேணும். பியர்சனில அமெரிக்க அதிகாரிகள் ரொறொன்ரோவிலயே சோதிக்கிறாங்க, அங்கயே நிப்பாட்டிடுவாங்க. தேடுற இடத்தில 'நேரடி' எண்டத மட்டும் தெரிவு செய்யுங்க. கட்டுநாயக்கவில இருந்தும் நியூயோர்க், சிக்காகோ வராத பாதையா எடுங்க.

அபொட்ஸ்ஃபோர்ட் வன்கூவருக்குக் கிழக்க 70 கிலோமீற்றர் அளவு. நகருக்கு ரயில் இல்ல. மிச்சம் பிடிச்ச காசு வாடகைக் காருக்குப் போயிடும். வன்கூவர் விமான நிலையம் எண்டா கனடா லைன் ரயில் வாசலிலயே. விமான நிலையத்தில ஏறேக்க 5 டொலர் மேலதிகமா எடுப்பாங்க, திரும்பிப் போகேக்க அது இல்ல. ஞாயிறு எண்டதால மற்றக் கட்டணம் ஒரே வலயம்தான். யேல்ரவுண் – றவுண்ட்ஹவுஸில இறங்கி 10 நிமிசம் அளவு நடந்தா பி.சி. பிளேஸ், அதுதான் மட்ச் நடக்கிற மைதானம். எக்ஸ்போ லைனில வந்தா ஸ்ரேடியம் – சைனாரவுண். மட்ச் முடிய எல்லாரும் அதுக்குத்தான் ஓடுவாங்க. நீங்க யேல்ரவுணுக்கு நடங்க.

மலிவு டிக்கெற்றில இன்னொரு பொறி, பை. எயார் கனடாவின் ஆகக் குறைந்த கட்டணத்தில கூட இப்ப சீற்றுக்குக் கீழ வைக்கிற சின்னப் பை மட்டும்தான் இலவசம். வாசலில கட்டுற காசு முதலே கட்டுறத விடக் கூட.

எக்லின்ரன்_சந்தி

வன்கூவரிலை ஞாயிறு இரவு தங்கிறது எண்டால் நகர நடுவிலை தேடாதேங்கோ. பேர்ணபியிலையோ சரேயிலையோ ஸ்கைரெயின் எண்ட நகர ரயில் ஸ்டேசனுக்குக் கிட்ட எடுங்கோ. சரேயின் கிங் ஜோர்ஜ் ஸ்டேசனிலை இருந்து மைதானத்தடிக்குச் சுமார் 40 நிமிசம், மாறாமல் வரலாம். வீடு வாடகைக்கு எடுத்தால் விளம்பரத்திலை மாகாணப் பதிவு இலக்கம் இருக்கா எண்டு பாருங்கோ. பிரிட்டிஷ் கொலம்பியாவிலை 2024 மே முதல் குறுங்கால வாடகைச் சட்டம் இறுக்கம். பதிவு இல்லாத இடத்தைத் தளமே தூக்கிப் போடும், பிறகு கடைசிக் கிழமையிலை றூம் தேடி அலைய வேண்டிவரும்.

ஹோட்டலிலை வைப்புப் பணத்துக்குக் கிரெடிட் காட் கேப்பினம். இலங்கைக் காட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடச் சொல்லி வங்கியிலை முதலே சொல்லி வையுங்கோ.

நிலாவெளி_வாசகன்

டிக்கெற் பற்றி இரண்டு விடயம். எல்லாம் பீஃபா செயலியில்தான், கடதாசி இல்லை. ஸ்கிரீன்ஷொட்டை வாசலில் ஏற்க மாட்டார்கள். நீங்கள், தம்பி இருவரும் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் எழுதித் தனித்தனிக் கணக்குத் திறந்து, அண்ணனை அதற்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். வன்கூவருக்கு அண்ணன் வராவிட்டால் இது மிக அவசியம், அவருடைய ஃபோன் ஸ்காபரோவில் இருக்கும். வழியில் ஃபோன் செத்தால் நுழைய முடியாது, பவர் பாங்க் கொண்டு போங்கள். அது விமானத்தில் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

வருகையாளர் மருத்துவக் காப்புறுதியை ஊரிலிருந்தே எடுங்கள். அங்கே அரச மருத்துவம் உங்களுக்கு இலவசம் இல்லை.

எக்லின்ரன்_சந்தி

பெரியம்மா கருவாடு கேட்டிருப்பா. கட்டிக் கொண்டு வாங்கோ, ஆனால் பியர்சனிலை இறங்கேக்கை உணவு இருக்கு எண்டு சொல்லிப் போடுங்கோ. சொல்லிக் காட்டினால் பார்த்திட்டு விடுவினம், இல்லாட்டி எடுத்துக்கொள்ளுவினம். ஒளிச்சுப் பிடிபட்டால்தான் தண்டம். இறைச்சி வத்தல் வேண்டவே வேண்டாம்.