பி.இ.எம்.எல் 26% கைமாறினால் கஞ்சிக்கோட்டில் என்ன மாறும்?

வாளையார்_லேத்:
பி.இ.எம்.எல், மண்வாரி இயந்திரம், ரயில் பெட்டி செய்யும் மத்திய அரசு நிறுவனம்; கேரளத்தில் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் அதற்கு ஒரு யூனிட். அரசு கையில் 54.03% பங்கு. அதில் 26%, நிர்வாகப் பொறுப்போடு சேர்த்துத் தனியாருக்கு என்று 2021 ஜனவரியில் விருப்ப விண்ணப்பம் கேட்டார்கள். விற்பனை இன்னும் முடியவில்லை, எதிர்ப்பும் அடங்கவில்லை. "கால் பங்குதானே போகுது, மீதி 28% அரசுகிட்டயே இருக்கே"ன்னு சிலர் சொல்றாங்க. அது காப்பாத்துமா? நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் ஆள், ஜாப் ஒர்க் பட்டறை, மூணு பேருக்கும் என்ன ஆகும்? கோர்ட்டில் தடுக்க முடியுமா?

பங்குக்கணக்கு:
26% என்ற எண்ணை மட்டும் பார்க்காதீங்க. பட்டியலிட்ட கம்பெனியில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால், பொதுப் பங்குதாரர்களிடம் இன்னொரு 26% வாங்க முன்வர வேண்டும் என்பது செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) விதி. எல்லாரும் கொடுத்தால் வாங்கியவர் கையில் 52%.

அரசின் 28.03 சதவீதத்துக்கு ஒரே ஒரு பலம்: சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வாக்கு வேண்டும், அதை அரசு மறிக்கலாம். ஆனால் கஞ்சிக்கோட்டுக்கு அது எட்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு யூனிட்டை விற்கச் சிறப்புத் தீர்மானம் தேவைப்படுவது, அதில் போட்ட முதலீடு நிகர மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டினால், அல்லது மொத்த வருமானத்தில் 20% அங்கிருந்து வந்தால்தான். பெங்களூரு, மைசூரு, கே.ஜி.எஃப் யூனிட்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சின்னது. 20% எட்டாவிட்டால் வாரியக் கூட்டத்திலேயே முடித்துவிடலாம்.

உபரி நிலத்தை ஏற்கெனவே தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டார்கள், 2023இல் அது பட்டியலிடப்பட்டது. ஆகவே "நிலத்துக்காக வாங்குறான்" என்ற வாதம் இங்கே பாதிதான் செல்லும்.

செக்‌ஷன்25:
கோர்ட் பற்றி. 2001 பால்கோ (அரசு அலுமினிய நிறுவனம்) தீர்ப்பில், பங்கு விற்பனை அரசின் கொள்கை முடிவு, தொழிலாளி அதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003இல் எச்.பி.சி.எல், பி.பி.சி.எல் என்ற எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை நின்றதற்குக் காரணம் அவை நாடாளுமன்றச் சட்டத்தால் நாட்டுடைமையானவை. பி.இ.எம்.எல் அப்படி வந்ததல்ல, அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை.

பலர் கவனிக்காதது ரிட் மனு, அதாவது அரசு அமைப்புக்கு எதிராக நேரே ஹைகோர்ட்டில் போடும் மனு. ஏர் இந்தியா ஊழியர்கள் தனியார்மயத்துக்கு முன்பே போட்ட மனுக்கள்கூட, கம்பெனி கைமாறிய பின் செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பதவி உயர்வு, ஊதிய வழக்கு ஹைகோர்ட்டில் கிடந்தால் இப்போதே விரைவுபடுத்துங்க. கைமாறிய பிறகு தொழிற்தகராறு வழிதான், அதிகாரிகளுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று, விற்பது பங்கு, முதலாளி பெயரளவில் அதே கம்பெனி. அதனால் தொழில் கைமாற்றத்துக்கான இழப்பீடு கேட்க முடியாது. பாதுகாப்பு என்று ஏதாவது இருந்தால் பங்கு விற்பனை ஒப்பந்தத்தில்தான் இருக்கும். ஏர் இந்தியாவில் ஓராண்டு ஆட்குறைப்பு இல்லை, இரண்டாம் ஆண்டு விருப்ப ஓய்வு கொடுக்கலாம் என்று எழுதினார்கள். சங்கங்கள் இன்றே கேட்க வேண்டியது மூன்று: ஓராண்டை மூன்றாக்குவது, விருப்ப ஓய்வுக்குக் குஜராத் கணக்கு (முடித்த ஆண்டுக்கு 35 நாள், மீதி ஆண்டுக்கு 25 நாள் சம்பளம்), யூனிட் மாற்றத்துக்குத் தடை. விலைப்புள்ளி திறந்த பிறகு ஒரு வரிகூட சேர்க்க மாட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் இதில் எங்குமே வரமாட்டார்கள், அதுதான் பெரிய ஓட்டை.

குறிச்சி_ஃபேப்ரிகேஷன்:
பட்டறைக்கு வர்றேன். பொதுத்துறை தன் கொள்முதலில் 25% குறு, சிறு தொழில்களிடம் வாங்கணும். அரசுப் பங்கு 51க்குக் கீழ் போனால் அந்தக் கட்டாயம் போயிடும். 45 நாளில் பணம் என்ற சட்டம் மட்டும் தனியாருக்கும் உண்டு, தாமதத்துக்கு வங்கி விகிதத்தின் மூணு மடங்கு வட்டி, மாதக் கூட்டு. உத்யம் (சிறுதொழில்) பதிவு இல்லாம இதைக் கேட்கிறது சிக்கல்.

கம்பெனி கொடுத்த பிளேட், ஜிக், ஃபிக்ஸர் எல்லாத்துக்கும் இப்பவே இருப்புச் சரிபார்த்து ஸ்டோர்ஸ் கையெழுத்து வாங்கிடுங்க. துண்டுக் கழிவு எடை உட்பட. நிர்வாகம் மாறினா முதல்ல தோண்டுறது அந்தக் கணக்கைத்தான். பிடித்தம் வெச்ச தொகைக்கும் எழுத்தில் உறுதி கேளுங்க.

வாளையார்_லேத்:
நன்றிங்க. கேரள அரசே வாங்கிக்க முடியாதா?

செக்‌ஷன்25:
அரசுப் பங்கு 51 சதவீதமோ மேலோ உள்ள நிறுவனம் ஏலத்தில் வரக்கூடாது என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. எச்.எல்.எல் லைஃப்கேர் என்ற மத்திய அரசு நிறுவனத்துக்கு 2022இல் கேரளம் கேட்டு மறுக்கப்பட்டது இதனால்தான். காசர்கோடு பி.எச்.இ.எல்-இ.எம்.எல் என்ற மின் இயந்திர ஆலையின் 51% மாநிலத்துக்கு வந்தது வேறு கதை, மீதி 49% ஏற்கெனவே மாநிலக் கம்பெனியிடம் இருந்த கூட்டு நிறுவனம் அது. பி.இ.எம்.எல்லில் மாநிலத்துக்கு அப்படி ஒரு பிடி கிடையாது.